கோபுர வாசலில் நிற்பவர்கள்

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தைப் பார்த்தவர்கள் அதன் அழகைச் சொல்லி மாளவில்லை. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. 2024 ஜனவரி 2-ந் தேதி திறப்பு விழா. ஆண்டுக்கு 44 லட்சம் பேர் வந்து போக வசதி. ஸ்ரீரங்கத்துக் கோயிலின் வர்ணங்களும் நம் வீட்டு வாசல் கோலங்களும் அதில் இடம் பெற்றிருக்கின்றன. எந்த ஊரிலும் வைக்கக்கூடிய கண்ணாடிப் பெட்டியாக அதைக் கட்டாமல் விட்ட ரசனையை நானும் மெச்சுகிறேன்.

ஆனால் கதை எழுதுகிறவனுக்குக் கட்டடத்தைவிட அங்கே புழங்கும் மனிதர்கள்தான் முக்கியம். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் பிழைக்கப் போகிறவன் தனியாக வருவதில்லை. புதுக்கோட்டையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வேன் பிடித்து, தாயார், மனைவி, கைக்குழந்தை எல்லோரும் வருகிறார்கள். டிக்கெட் உள்ளவன் உள்ளே போகிறான். மற்றவர்கள் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். பாதுகாப்புக்காக ஏற்பட்ட விதி. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

இருந்தாலும், கோயிலின் வர்ணத்தை எடுத்துக்கொண்டவர்கள் கோயில் கட்டியவர்களின் மனசையும் எடுத்துக்கொள்ள வேண்டாமா? அவர்கள் சந்நிதியோடு நின்றுவிடவில்லை. வழிநடந்து வந்தவன் உட்கார மண்டபமும் கட்டினார்கள்.

விமான நிலையத்தின் சேவையை உள்ளேயிருக்கும் கடைகளையும் நாற்காலிகளையும் கொண்டு அளப்பது வழக்கம். என் அளவுகோல் வேறு. மகன் உள்ளே போன பிறகும், விமானம் கிளம்புகிற வரையில் நகர மனமில்லாமல் காத்திருக்கிறாளே ஒரு தாயார், அவளுக்கு உட்கார ஒரு பெஞ்சு, குடிக்கத் தண்ணீர், தலைக்கு மேல் நிழல். இவை தாராளமாக இருக்கிற நிலையத்துக்குத்தான் நான் முதல் மார்க் போடுவேன்.