சொட்டு உருளும் தோல்

நன்றாகப் பராமரித்த பூட்ஸின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பாருங்கள். முத்துப்போல் திரண்டு, காலைச் சாய்த்ததும் உருண்டு விழும். கவனிப்பில்லாத தோலில் அதே சொட்டு கறுத்துப் பரவி உள்ளே இறங்கிவிடும். அந்த முத்தைப் பார்க்கத்தான் ஐப்பசிக்கு முன்னால் இத்தனை மெனக்கெடல்.

தாம்பரத்தில் இருந்துகொண்டு தோலைப் பற்றித் தெரியாமல் இருப்பது கொஞ்சம் வெட்கக்கேடு. பக்கத்துக் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்ததே குரோம் லெதர் கம்பெனிதான். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் நனைந்து காய்ந்தால் விறைத்துக்கொள்ளும். குரோம் உப்பில் பதனிட்டது வெந்நீருக்கும் அவ்வளவாக அசையாது. ஆனால் பதனிடுவது தோல் அழுகாமலிருக்க. தண்ணீரைத் தடுப்பது நம் வேலை.

தேன்மெழுகு ஒரு பங்கு, விளக்கெண்ணெய் இரண்டு பங்கு. கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்து உருக்க வேண்டும். நேரடி நெருப்பு வேண்டாம். ஆறி இறுகியதும் துணியால் தொடாதீர்கள், விரலால் எடுங்கள். விரல் சூட்டில் அது இளகி, தோலின் நுண்துளைகளில் போய் உட்காரும். அடிப்பாகம் மேல்தோலோடு சேரும் தையலுக்குத்தான் அதிக நேரம் தர வேண்டும். தண்ணீர் நுழைவது பெரும்பாலும் ஊசித்துளை வழியாகத்தான். அங்கே திரளும் மிச்சத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, மறுநாள் குதிரைமயிர் பிரஷ்ஷால் தேய்த்தால் மங்கலான, அடக்கமான ஒரு பளபளப்பு வரும். பாலிஷ் டப்பாவின் கண்ணாடி மினுமினுப்பைவிட எனக்கு அதுவே அழகு. நிறம் ஒரு சாயல் கறுக்கும், அதற்குத் துணிந்தவர்களுக்குத்தான் இது. தேங்காய் எண்ணெயில் குளிப்பாட்டுகிறவர்களைக் கண்டால் கோபம் வருகிறது: தோல் தொளதொளத்து, ஜி.எஸ்.டி. சாலைப் புழுதி முழுவதையும் இழுத்துக்கொள்ளும்.

சென்னையில் லெதர் ஜாக்கெட்டா என்று சிரிப்பார்கள். பைக்கில் ஏற்காடு போகிறவனுக்குத் தெரியும். ஜாக்கெட்டுக்கு மெழுகு ஆகாது, மடிப்பில் வெள்ளைக் கோடு விழும். லெதர் கிரீமை, யாருக்கும் தெரியாத உள்மடிப்பில் ஒருமுறை பார்த்துவிட்டு, மெல்லிசாகத் தடவினால் போதும். ஸ்வேடு என்றால் கிரீமும் வேண்டாம்.

பூட்ஸ் நனைந்துவிட்டால் உள்ளே நாளிதழைத் திணித்து மின்விசிறியடியில் விடுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பூக்கும்.

2015 டிசம்பரில் முடிச்சூரில் நின்ற மாதிரித் தண்ணீர் நின்றால் எந்த மெழுகும் உதவாது, அது பூட்ஸின் மேல்வாய் வழியாகவே நிரம்பும். அன்றைக்கு ரப்பர் செருப்புதான்.