ஒற்றி எடுத்த நீலம்

மயில்கண் என்று ரசிகர்கள் அழைக்கும் அந்தச் சின்ன வட்டத்தைக் கண்ணருகே கொண்டுவந்து பார்க்க வேண்டும். நடுவில் ஒரு பொட்டு, சுற்றிலும் ஒரு வளையம், அவ்வளவுதான். ஒரு தேநீர்க் கோப்பையின் இடுப்பைச் சுற்றி இப்படிப் பல கண்கள் வரிசைகட்டி நிற்கும். எல்லாம் ஒரே அச்சால் ஒற்றியவை. ஆனாலும் எந்த இரண்டும் ஒன்றல்ல. ஒன்றில் நீலம் கெட்டியாக விழுந்து கருத்திருக்கும். அடுத்ததில் அச்சின் ஈரம் வற்றத் தொடங்கியிருக்கும், வளையத்தின் ஒரு பக்கம் மெலிந்திருக்கும். வேறொன்றில் கை சற்று அதிகமாக அழுத்தியிருக்கும், பொட்டு பரந்திருக்கும். மறுபடி வண்ணம் தொட்டுக்கொண்ட இடம் எது என்று வரிசையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பீங்கானில் அச்சு ஒற்றும் கலைமேல் எனக்குள்ள பிரியம் முழுவதும் இந்த வேறுபாட்டின்மேல்தான். அச்சு, ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்ல வந்த கருவி. அதைப் பிடித்திருக்கும் கையால் ஒரே மாதிரி இரண்டு முறை சொல்ல முடிவதில்லை.

இந்த மயில்கண்ணின் ஊர் போலந்தின் தென்மேற்கில், கீழ்ச் சிலேசியாவில், பூப்ர் ஆற்றங்கரையில் இருக்கும் போலெஸ்வாவியெட்ஸ். 1945 வரை அது ஜெர்மானிய ஊர், பெயர் புன்ட்ஸ்லாவ். அந்த வட்டாரத்துக் களிமண் 1250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூட்டைத் தாங்கி, நீர் கசியாதபடி இறுகிவிடும். அதனால்தான் நூற்றாண்டுகளாக அங்கே குயவர் தொழில் நிலைத்திருக்கிறது. முதலில் பழுப்பு ஜாடிகளுக்குப் பேர்போன ஊர். 1753-ல் ஆளுயரத்தை மிஞ்சிய ஒரு பெரும் பானையைச் செய்து ஊருக்கே அடையாளமாக வைத்திருந்தார்கள். 1897-ல் மட்பாண்டத் தொழிற்பள்ளி வந்தது. வெளிர் மேனியில் நீல அச்சுகள் பெருகியதும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள், போலந்துக்காரர்கள் குடியேறினார்கள். சூளைகளின் முன்னால் இருந்த கைகள் மாறின. மயில்கண் மாறவில்லை.

அங்கே அச்சு ஸ்பாஞ்சில் வெட்டப்படுகிறது. சின்னத் துண்டின் முகத்தில் பொட்டு, இலை, இதழ், மீன்செதில் என்று ஒவ்வோர் உருவமாக வெட்டிக்கொள்வார்கள். ஒரு சித்திரம் முழுமையடையப் பல அச்சுகள் கைமாற வேண்டும். ஒற்றுவது முதல் சூளை மட்டும் கண்ட, கிளேஸ் பூசாத மேனியில். குயவர்கள் பிஸ்க் என்று சொல்லும் அந்த மேனிக்குத் தாகம் அதிகம். வண்ணத்தின் ஈரத்தைத் தொட்ட கணத்தில் குடித்துவிடும். பிறகு அச்சை நகர்த்த வழியில்லை. துடைத்தாலும் ஒரு நிழல் தங்கும். ஒற்றும்போது கண்ணில் தெரியும் நிறத்தையும் நம்ப முடியாது. கோபால்ட் ஆக்சைடு கறுப்புப் பொடி, கோபால்ட் கார்பனேட் மங்கிய ஊதா. இரண்டுமே கிளேஸுக்கு அடியில் வெந்த பிறகுதான் நீலமாகும். ஆகவே ஒற்றுகிறவர், கண்முன் இல்லாத ஒரு நிறத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார். இரண்டாம் சூளையில் மேலே பூசிய கிளேஸ் உருகிக் கண்ணாடியாகிறது, நீலம் அதற்கு உள்ளே போய்விடுகிறது. கோப்பையை எத்தனை வருடம் கழுவினாலும் விரல் படுவது கண்ணாடியில்தான், வண்ணத்தில் அல்ல.

ஒரே மாதிரி வேண்டும் என்ற ஆசைக்கும் ஐரோப்பாவில் வழி கண்டுபிடித்தார்கள். லிவர்ப்பூலில் ஜான் சாட்லர், கய் கிரீன் என்ற இருவர், பிறர் உதவியின்றி ஆறு மணி நேரத்தில் 1200 ஓடுகளுக்கு மேல் அச்சிட்டோம் என்று 1756-ல் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தார்கள். செதுக்கிய தகட்டிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து பீங்கானுக்கும் படம் மாறும் முறை அது. பெரிய வணிகம் அந்தப் பக்கம் போயிற்று. ஸ்பாஞ்சு அச்சு ஏழைகளின் பாண்டங்களில் தங்கிப்போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் கடல் ஸ்பாஞ்சின் நெருக்கமான வேர்ப்பகுதியை வெட்டி அச்சாக்கி, கஞ்சிக் கிண்ணங்களில் பூவும் இலையும் ஒற்றினார்கள். சித்திரம் போட்ட பாண்டங்களில் மிக மலிவான வகை அதுதான். இன்று அவற்றைச் சேகரிப்பவர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள்.

கிட்டத்தட்ட மறைந்துகொண்டிருந்த அந்த வேலைக்கு மறுவாழ்வு கொடுத்தது ஒரு பிறந்தநாள் பரிசு. 1985-ல் எம்மா பிரிட்ஜ்வாட்டர் என்ற ஆங்கிலேயப் பெண் தன் அம்மாவுக்குக் கோப்பை வாங்கக் கடைக்குப் போனார். அங்கே இருந்தவை எதுவும் அம்மாவுக்கு ஏற்றதாகப் படவில்லை. தானே வடிவம் வரைந்து, ஸ்டோக்-ஆன்-டிரெண்ட் நகரத்துத் தொழிலாளர்களிடம் கொடுத்து, பழைய ஸ்பாஞ்சு முறையில் சித்திரம் ஒற்ற வைத்தார். அதிலிருந்து ஒரு நிறுவனமே வளர்ந்தது. அந்நகரத்தின் ஹான்லி பகுதியில் உள்ள தொழிற்சாலையில் இன்றும் கையால் ஒற்றுகிறார்கள். கேட்டால் பெயரும் எழுதித் தருகிறார்கள், வருகிறவர்களே ஒற்றிப் பார்க்கவும் தனி அறை வைத்திருக்கிறார்கள். ஒரே ஒருத்தியை நினைத்து அந்தத் தேடல் தொடங்கியதுதான் எனக்கு இந்தக் கதையில் முக்கியம்.

நம் ஊர்களில் பெயர் போட்ட பீங்கான் பரிசு என்றால் போட்டோ மக்தான். ஸ்டூடியோவில் படத்தைக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் கையில் தந்துவிடுவார்கள். வெள்ளைக் கோப்பையின்மேல் பூசிய பாலிமர் படலத்தில், 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் சாயம் ஆவியாகிப் படிவதுதான் அந்தப் படம். பீங்கானுக்கும் அதற்கும் உறவில்லை. தேய்க்கத் தேய்க்க முகம் வெளுக்கும். அதைத் தரும் அன்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோப்பையில் கொடுத்தவரின் கை எங்குமே படவில்லை. இந்தக் குறையைத் தீர்க்க, வீட்டில் செய்யக்கூடிய எளிய வழி ரப்பர் அச்சு.

ரப்பர், ஸ்பாஞ்சைவிடக் கறாரானது. ஸ்பாஞ்சு தன் துளைகளையும் சேர்த்தே ஒற்றும், அதனால் நிறம் பொடிப்பொடியாக விழும். ரப்பர் விளிம்பைக் கூர்மையாக வைக்கும். அழுத்தும்போது வண்ணம் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிதுங்குவதால் கோட்டின் கரை அடர்ந்தும் உள்ளே சற்று வெளிறியும் நிற்கும். ஓர் இலையை ஒற்றினால் தானாகவே அதற்கு ஒரு வரம்பு கிடைத்துவிடுகிறது. நல்ல ரப்பர் அச்சை அடையாளம் காண நான் முதலில் தேடுவது இந்தக் கரையைத்தான்.

அச்சுக்கு அலைய வேண்டியதில்லை. பதிவாளர் அலுவலகம், நீதிமன்றம் இருக்கும் எந்தத் தெருவிலும் சீல் செய்யும் கடை ஒன்று இருக்கும். வரைந்த படத்தைக் கொடுத்து, கைப்பிடி ஒட்டாமல் ரப்பரை மட்டும் கேட்டு வாங்க வேண்டும். மரக்கட்டையில் ஒட்டிய அச்சு தாளுக்குச் சரி, கோப்பையின் வளைவில் நடு மட்டும் பட்டு இரு பக்கமும் தொங்கிவிடும். ஆபீஸ் முத்திரைக்கான மெல்லிய கோடுகளும் பீங்கானுக்கு ஆகாது, கோடு தடிப்பாக இருக்கச் சொல்ல வேண்டும். கடைக்குப் போகாமல், பெரிய அழிரப்பரை வாங்கிக் கத்தியால் தானே செதுக்குவது இன்னும் அழகு. ஜப்பானில் அழிரப்பர் செதுக்குவது தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. கத்தி சற்றுத் தவறிய இடங்கள் அச்சில் அப்படியே வரும். வேப்பிலை செதுக்கினால் அது உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத வேப்பிலை.

தமிழ் எழுத்து ஒற்ற விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது சுழிகளை. ‘ண’வின் சுழிகளும் ‘இ’யின் உட்சுழியும் வண்ணம் அடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிடும். புள்ளி எழுத்துகளில் புள்ளி தலையோடு ஒட்டிக்கொள்ளும். எழுத்தைப் பெரிதாக்கி, சுழிகளை இயல்புக்கு மேல் திறந்து வரைந்தால்தான் ஒற்றியபின் அது இயல்பாகத் தெரியும். ‘ப’, ‘ட’, ‘ம’ போன்றவை எந்தத் தொல்லையும் தராதவை. தானே செதுக்கும்போது எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ‘ட’ எளிதாக ஏமாற்றும்.

ஒற்றும் முறையில்தான் ரசனை கைக்கு வருகிறது. அச்சைக் கோப்பைமேல் அழுத்துவதைவிட, ரப்பரை ஒரு மெத்தென்ற நுரைத் துண்டின்மேல் முகம் மேலே பார்க்க வைத்து, கோப்பையை அதன்மேல் உருட்டுவது மேல். கோப்பையின் வளைவு தானே தன் தொடுகோட்டைத் தேடிக்கொள்ளும். உருட்டல் நடுவில் நின்றால் அந்த இடத்தில் வண்ணம் திரளும், மூச்சைப் போல ஒரே சீராகப் போக வேண்டும். வண்ணத்தை அச்சில் தூரிகையால் பூசக் கூடாது, பள்ளங்களில் தேங்கும். ஸ்பாஞ்சில் வண்ணத்தை எடுத்து, அச்சின் மேல்முகத்தில் மட்டும் மெல்லத் தட்ட வேண்டும். முதல் ஒற்றலைப் பழைய தட்டில் விட்டுவிட்டு இரண்டாவதைக் கோப்பைக்குக் கொடுத்தால் அளவு பொருந்தியிருக்கும்.

சூளை வசதி உள்ள ஸ்டூடியோ அருகில் இருந்தால் பிஸ்க் கோப்பையில் ஒற்றி, மேலே தெளிந்த கிளேஸ் போட்டுச் சுட்டு வாங்குவதே என் முதல் விருப்பம். அது இல்லாதவர்கள் குர்ஜாவிலிருந்து வந்து நம் சாலையோரங்களில் குவியும் வெள்ளைக் கோப்பைகளை எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே கிளேஸ் பூசிய அந்த மேனி வழுக்கும், அச்சு சறுக்கும், ஸ்பிரிட் வைத்துத் துடைத்து எண்ணெய்ப் பசையை எடுத்தாக வேண்டும். ஆனால் அங்கே ஒரு சலுகை உண்டு: பிடிக்காவிட்டால் உடனே வழித்துவிட்டு மறுபடி ஒற்றலாம். பெபியோ நிறுவனத்தின் போர்சலேன் 150 போன்ற வண்ணங்கள் இதற்கென்றே வருகின்றன. ஒரு நாள் முழுக்க உலரவிட்டு, அடுப்பு குளிர்ந்திருக்கும்போதே உள்ளே வைத்து, 150 டிகிரி வந்தபின் 35 நிமிடம் விட்டு, உள்ளேயே ஆறவிட வேண்டும். வீட்டு ஓ.டி.ஜி. அடுப்பே போதும். இப்படிச் சுட்டது கிளேஸின்மேல் நிற்கும் வண்ணம், அதன் அடியில் உருகிய நீலத்தின் ஆழம் இதற்கு வராது. உதடு படும் விளிம்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழேயே சித்திரம் நிற்க வேண்டும், உட்புறத்தில் கூடவே கூடாது. இந்த வெள்ளை இடைவெளி பாதுகாப்புக்காக விடுவதுதான். ஆனால் சித்திரத்துக்கு மேலே ஒரு வானம் கிடைத்துவிடுவதால் நான் அதை விதியாக நினைப்பதில்லை, வடிவமாகவே நினைக்கிறேன்.

ஒற்றலில் விழும் பிசகுகளை ரசிக்கச் சொல்லித்தந்தவர்கள் ஜப்பானியர்கள். ஹிசென் வட்டாரத்தில், அரிட்டா சூளைகளில், பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் கொன்யாக்கு அச்சு என்று பெயர்பெற்ற முறையில் நீல உருவங்களை ஒற்றினார்கள். மெய்ஜி காலத்தில் வெட்டுத்தாளும் செப்புத்தகட்டு அச்சும் வந்து, அன்றாடத் தட்டுகள் வீடுவீடாகப் பரவின. ஒரு பூவின் பாதி அடுத்த பூவின்மேல் ஏறியிருக்கும், கொடி ஓரிடத்தில் அறுந்து ஒரு விரல் தள்ளித் தொடரும், நீலம் மங்கிக் கசிந்திருக்கும். பழம்பொருள் சந்தைகளில் இந்தத் தட்டுகளைப் புரட்டுகிறவர்கள் அந்த அறுந்த இடத்தைத்தான் தேடுகிறார்கள். அங்கேதான் வேலைசெய்தவரின் அவசரமும் கையின் போக்கும் தெரிகிறது. எனக்கும் பிழையற்ற தட்டைவிட அதுவே உயர்ந்தது. ஆனால் வேண்டுமென்றே செய்த பிசகு ஒரு பார்வையில் தெரிந்துவிடும், அதில் உயிர் இருக்காது. சரியாக வர வேண்டும் என்று முழு மனதோடு ஒற்றியும் விலகிப்போன கோடுதான் அழகு.

என்ன ஒற்றுவது? கடையில் கிடைக்கும் இதயமும் பூங்கொத்தும் யாருக்கும் பொருந்தும், ஆகவே யாருக்கும் உரியதல்ல. தோட்டத்தில் சங்குப்பூ வளர்க்கிற அத்தைக்கு ஒற்றைச் சங்குப்பூ போதும். சின்ன அச்சு ஒன்றை எடுத்து, கோப்பையின் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் கலைந்தும் ஒற்றினால் காற்றடித்தது போல் இருக்கும். அச்சுகள் கூடக்கூட மதிப்புக் கூடும் என்று நினைப்பவர்கள்தான் பெரும்பாலான பரிசுகளைக் கெடுக்கிறார்கள். ஒரே அச்சு, ஒரே நிறம், இடைவெளியில் மட்டும் விளையாட்டு என்ற கட்டுக்குள் நின்று பாருங்கள். கைப்பிடி ஒட்டிய இடத்தருகே, குடிக்கிறவரின் பெருவிரல் படும் இடத்தில் ஒன்றே ஒன்றை ஒற்றிவைப்பதும் எனக்கு மிகப் பிடிக்கும்.

பெயர் எங்கே போட வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கல்யாணச் சீர் எவர்சில்வர் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயரும் தேதியும் கழுத்தில் வெட்டியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். உலோகத்துக்கு அது பொருந்தும். பீங்கானின் முகம் சித்திரத்துக்கு உரியது, பெயரின் இடம் அடிப்பாகம். ஹான்லியில் ஒற்றுகிறவர்கள் தங்கள் அடையாளத்தைக் கோப்பையின் அடியில்தான் பதிக்கிறார்கள். தொழிற்சாலைப் பீங்கான்களின் அடியில் நாம் காணும் முத்திரைகளில் பலவும் ரப்பர் அச்சால் ஒற்றியவையே. பாண்டத்தில் பெயர் முத்திரை பதிக்கும் பழக்கம் நம் கடற்கரைக்கும் புதிதல்ல. 1945-ல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த இத்தாலிய அரெட்டைன் சிவப்பு மட்கலங்களில், ஈர மண்ணில் அழுத்திய விபியே, கமூரி, இத்தா என்ற முத்திரைகள் இருந்தன. கலம் உடைந்து, அதில் உண்டவர் யாரென்ற தடமே இல்லாமல் போய், செய்த பட்டறையின் பெயர் இரண்டாயிரம் ஆண்டு கடந்து வாசிக்கக் கிடைத்தது.

ஆகவே பரிசுக் கோப்பையைக் கவிழ்த்து, அடிவளையத்துக்கு உள்ளே இருக்கும் அந்தச் சின்ன வட்டத்தில் இரண்டு பெயர்களையும் ஒற்றுங்கள், பெறுகிறவருடையது மேலே, கொடுக்கிறவருடையது கீழே. கூடவே ஆண்டு. எழுத்தின் உயரம் மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சுழி அடைக்கும். பிஸ்க்காக இருந்தால் கோபால்ட்டை விட்டு இரும்பு ஆக்சைடை எடுங்கள். முகத்தில் நீலம் இருக்க, அடியில் பழுப்பு இருப்பதுதான் நிறப் பொருத்தம்.