லேசர் டேக் வரலாற்றில் கதாநாயகன் யார்?

லேசர் டேக் விளையாட்டின் வரலாறு பற்றி வரும் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவை ஒரே கதையைத்தான் சொல்கின்றன. ஜார்ஜ் கார்ட்டர் என்ற அமெரிக்கர் 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தைப் பார்த்தார். அந்த ஒளிச் சண்டையை நாமே விளையாடினால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். 1984 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலம் டல்லாஸில் ஃபோட்டான் என்ற அரங்கத்தைத் திறந்தார். பிறகு வீட்டில் விளையாடும் பொம்மைகள் வந்தன, பல நாடுகளில் அரங்கங்கள் வந்தன. சுபம்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒரு எஞ்சினியராக இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு நெருடல். இந்தக் கதைகள் எல்லாமே துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன. துப்பாக்கியின் வடிவம், சத்தம், வெளிச்சம், விளம்பரம் என்று பக்கம் பக்கமாக வருகிறது. மார்பில் மாட்டிக்கொள்ளும் சென்சாருக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். என்னைக் கேட்டால் இந்த விளையாட்டின் உண்மையான கண்டுபிடிப்பே அந்த சென்சார்தான்.

ஏன் என்று சொல்கிறேன். பொம்மைத் துப்பாக்கி வைத்து விளையாடிய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு சண்டை தெரியும். "நான் சுட்டேன், நீ அவுட்!" "இல்ல, மேல படவே இல்ல!" அதற்கு முடிவே கிடையாது. சத்தமாகக் கத்துகிறவன் ஜெயிப்பான், இல்லையென்றால் துப்பாக்கியின் சொந்தக்காரன் ஜெயிப்பான். லேசர் டேக் செய்தது என்னவென்றால், பட்டதா இல்லையா என்று சொல்ல ஆட்டத்துக்குள் ஒரு நடுவரைக் கொண்டுவந்தது. அந்த நடுவர் பட்டவன் உடம்பிலேயே இருக்கிறார். அதனால் அவனே மறுத்தாலும் செல்லாது.

இப்படிப் பார்த்தால் வரலாறு டல்லாஸில் தொடங்கவில்லை. 1979-இலேயே சவுத் பெண்ட் நிறுவனம் ஸ்டார் டிரெக் பெயரில் ஒரு ஜோடி எலக்ட்ரானிக் துப்பாக்கிகளை விற்றது. ஒருவர் சுட்டது மற்றவர் கையில் இருக்கும் துப்பாக்கியிலேயே பதிவாகும். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்க ராணுவம் மைல்ஸ் என்ற பயிற்சி முறையைக் கொண்டுவந்தது. நிஜத் துப்பாக்கியின் குழல்மீது ஒரு லேசர் கருவி. குண்டில்லாத வெற்றுத் தோட்டா வெடித்ததும் லேசர் பாயும். எதிரில் இருப்பவர் அணிந்த பட்டைகளில் அது பட்டால் காது கிழிய ஒரு பீப் சத்தம் விடாமல் அடிக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒரு சின்னச் சாவி. அந்தச் சத்தத்தை நிறுத்த வேண்டுமானால், சிப்பாய் தன் துப்பாக்கியில் இருக்கும் லேசர் கருவியின் சாவியை எடுத்து, உடம்பில் அணிந்த கருவியில் போட வேண்டும். சாவியை எடுத்ததும் அவருடைய லேசர் செத்துவிடும். அதாவது சத்தம் நிற்க ஒரே வழி, "நான் செத்துவிட்டேன்" என்று கையால் ஒத்துக்கொள்வது. ஏமாற்றுவதை எவ்வளவு எளிமையாகத் தடுத்திருக்கிறார்கள் பாருங்கள். இதுதான் வடிவமைப்பு. லேசர் டேக் வரலாறு எழுதுகிற பலர் இந்தச் சாவியைக் கண்டுகொள்வதே இல்லை.

இன்னொன்று. ராணுவத்தின் கருவியில் இருந்தது நிஜ லேசர். நாம் விளையாடுகிற லேசர் டேக்கில் பெரும்பாலும் லேசரே கிடையாது. அது இன்ஃப்ராரெட் எல்.இ.டி. நம் வீட்டு டிவி ரிமோட்டில் இருக்கிற அதே சமாச்சாரம்தான், முன்னால் ஒரு லென்ஸ் வைத்து ஒளியைக் குறுக்கியிருப்பார்கள். அரங்கத்தின் புகைக்குள் தெரிகிற வண்ணக் கோடு கண்ணுக்கு விருந்து, அவ்வளவுதான். புள்ளி தருவது கண்ணுக்குத் தெரியாத ஒளி.

துப்பாக்கியை மையமாக வைத்து வரலாறு எழுதுவதில் ஒரு பெரிய விலையும் இருக்கிறது. 1986-இல் வேர்ல்ட்ஸ் ஆஃப் வொண்டர் நிறுவனம் லேசர் டேக் என்ற பெயரிலேயே வீட்டுப் பொம்மையைக் கொண்டுவந்து, அந்த வருடக் கிறிஸ்துமஸ் சீசனில் பெரிய பரபரப்பை உண்டாக்கியது. என்பிசி தொலைக்காட்சியில் அதே பெயரை ஒட்டி ஒரு கார்ட்டூன் தொடர்கூட வந்தது. அடுத்த வருடம், 1987 ஏப்ரலில், கலிஃபோர்னியாவின் ராஞ்சோ குகமொங்காவில் ஒரு பள்ளி வளாகத்தில் இரவில் இதை விளையாடிக்கொண்டிருந்த 19 வயது இளைஞரை, கையில் இருப்பது நிஜத் துப்பாக்கி என்று நினைத்து ஒரு காவல் அதிகாரி சுட்டுக் கொன்றார்.

நான் படித்த கொண்டாட்டக் கட்டுரைகள் பலவற்றில் இந்தச் சம்பவம் இல்லை. சிலவற்றில் "சர்ச்சை" என்ற ஒற்றை வார்த்தையோடு கடந்துபோகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆட்டத்துக்குள் இருக்கிறவர்களுக்கு சென்சார் தெரியும், விதி தெரியும். வெளியிலிருந்து இருட்டில் பார்க்கிறவருக்குத் தெரிவது துப்பாக்கி மட்டும்தான். அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கியின் முனை ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும் என்ற சட்டம் 1988-இல் வந்தது. ஒரு பொழுதுபோக்கை நேசிக்கிறவன் அதில் நடந்த சாவையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும். மறைத்துவிட்டுக் கொண்டாடுவது விளம்பரம்.

வேர்ல்ட்ஸ் ஆஃப் வொண்டர் அதே 1987 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. ஃபோட்டான் அரங்கங்களும் அதிக காலம் தாக்குப்பிடிக்கவில்லை. 1989-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொடங்கிய லேசர் குவெஸ்ட், வட அமெரிக்காவில் நிறைய கிளைகளோடு ஓகோவென்று இருந்தது. 2020 கொரோனாவில் அந்த வட அமெரிக்க அரங்கங்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். கம்பெனிகளின் கதையாக எழுதினால் இது வரிசையாகக் கடை மூடுகிற கதை.

பிறகு எப்படி விளையாட்டு உயிரோடு இருக்கிறது? அங்கங்கே புது அரங்கங்கள் வந்தன என்பது ஒரு பதில். எனக்குப் பிடித்த பதில் வேறு: வீட்டில் உட்கார்ந்து சால்டரிங் செய்கிற ஆட்கள். இவர்கள் மைல்ஸ்டேக் என்று ஒரு ப்ரோட்டோகாலைப் பொதுவில் வைத்துப் பயன்படுத்துகிறார்கள். அதன் இரண்டாவது பதிப்பில் ஒரு சுடுதல் என்பது 14 பிட். முதல் பிட் 0, அதாவது "இது சுடுதல்". அடுத்த 7 பிட் ஆட்டக்காரரின் எண், ஆக 128 பேர் வரை. 2 பிட் அணி, ஆக 4 அணிகள். கடைசி 4 பிட், எவ்வளவு அடி என்பது. துடிப்புகளின் நீளம் சோனி ரிமோட்டின் கணக்குதான்: தொடக்கத்துக்கு 2.4 மில்லி விநாடி, 1 என்றால் 1.2, 0 என்றால் 0.6, நடுவில் 0.6 இடைவெளி.

கூட்டிப் பார்த்தால் ஒரு சுடுதலுக்கு 19 முதல் 27 மில்லி விநாடி ஆகிறது. அதற்குள் கை ஆடி ஒளி விலகிப்போனால் செய்தி பாதியில் அறுந்துவிடும். ரிசீவர் அதை ஏற்காது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே சென்சாரில் சுட்டால் இரண்டும் குழம்பி எதுவுமே பதிவாகாமல் போகலாம். "நல்லாத்தானே சுட்டேன், ஏன் படல?" என்று அரங்கங்களில் கேட்கிற புலம்பலுக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. நடுவர் பாரபட்சம் பார்ப்பதில்லை, முழு வாக்கியமாகச் சொன்னால்தான் கேட்பார்.

இந்த 14 பிட்டில் எதுவுமே துப்பாக்கியின் வடிவத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். யார், எந்த அணி, எவ்வளவு அடி, அவ்வளவுதான். அனுப்புகிற கருவி டார்ச் மாதிரி இருக்கலாம், மந்திரக்கோல் மாதிரி இருக்கலாம், வெறும் டப்பாவாகவும் இருக்கலாம். சென்சாருக்கு ஒன்றுதான். கம்பெனி மூடினாலும் கவலையில்லை, செய்தியின் இலக்கணம் எல்லாருக்கும் தெரியும் என்பதால் புதுக் கருவி செய்துகொள்ளலாம். ரகசிய ப்ரோட்டோகாலோடு வந்த கருவிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவை அலமாரியில் தூங்குகின்றன.

ஜார்ஜ் கார்ட்டரைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. அறிமுகமில்லாதவர்களும் காசு கொடுத்து வந்து ஒரே கூரையின் கீழ் அணி பிரிந்து விளையாடலாம் என்று காட்டியவர் அவர். அது பெரிய விஷயம். ஆனால் அடுத்து லேசர் டேக் வரலாறு எழுத உட்காருகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். முகப்புப் படமாகப் பளபளக்கும் துப்பாக்கியைப் போடாதீர்கள். அந்த மைல்ஸ் சாவியின் படத்தைப் போடுங்கள். பட்டால் பட்டது என்று ஒத்துக்கொள்ள வைக்கிற அந்தச் சின்னப் பொருளைப் பார்த்ததும், இது எதைப் பற்றிய விளையாட்டு என்று படிக்கிறவர்களுக்குப் புரிந்துவிடும்.