அனாதை இல்லத்துக்குப் போகும் காணிக்கை

ஹைட்டியில் 2010 ஜனவரி 12-ஆம் தேதி பூகம்பம் வந்தது. பதினேழு நாள் கழித்து, பெரும்பாலும் இடாஹோ மாநிலத்தைச் சேர்ந்த அமெரிக்க பாப்டிஸ்ட் சபையார் பத்துப் பேர், 33 குழந்தைகளை ஒரு பேருந்தில் ஏற்றிக்கொண்டு டொமினிக்கன் குடியரசின் எல்லைக்கு வந்தார்கள். குழந்தைகளுக்கு உரிய பயண ஆவணங்கள் இல்லை. எல்லையிலேயே கைதானார்கள். அனாதைகளைக் காப்பாற்றிக் கொண்டுபோகிறோம் என்றார்கள். விசாரித்துப் பார்த்தால், அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். கலபாஸ் என்ற மலைக் கிராமத்தில் பெற்றவர்களே பிள்ளைகளைக் கையில் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். படிப்பு உண்டு, விளையாட்டுத் திடல் உண்டு, நீச்சல் குளம் உண்டு என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. கடத்தல் வழக்கு பிறகு கைவிடப்பட்டது. குழுவின் தலைவி மட்டும் முறைகேடான பயணத்துக்கு ஏற்பாடு செய்ததாகத் தண்டிக்கப்பட்டு, சிறையில் ஏற்கெனவே கழித்த நாட்களே தண்டனையாகக் கணக்கிடப்பட்டு விடுதலையானார்.

அவர்கள் மனதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு, இடிந்த ஊருக்குப் போகிறவர்களின் அன்பைச் சந்தேகிக்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் அன்பை மட்டும் வைத்து ஊழியத்தை எடைபோட முடியாது. மிஷனுக்கென்று என் அம்மா ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனி டப்பாவில் எடுத்து வைப்பார். அப்படிச் சேரும் காணிக்கை யாருக்கு என்ன செய்தது என்று கேட்பது அவநம்பிக்கை ஆகாது. கொடுத்தவர்களுக்கும், அதைவிடப் பெற்றவர்களுக்கும் நாம் பட்டிருக்கும் கடன் அது.

ஹைட்டியின் கணக்கு கசப்பானது. லூமோஸ் என்ற குழந்தைகள் நல அமைப்பு 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி அங்கே சுமார் 30,000 குழந்தைகள் அனாதை இல்லங்களில் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். அந்த இல்லங்களில் மூன்றில் ஒரு பங்குக்கே ஆண்டுக்கு 7 கோடி டாலருக்குக் குறையாமல் வெளிப்பணம் வந்தது. அதில் பெரும்பகுதி அமெரிக்கக் கிறிஸ்தவ சபைகளும் விசுவாசிகளும் கொடுத்தது.

பெற்றோர் இருந்தும் பிள்ளை ஏன் இல்லத்துக்குப் போகிறது? ஹைட்டியில் பத்துப் பள்ளிகளில் எட்டுக்கு மேல் தனியார் பள்ளிகள். கட்டணம் கட்டினால்தான் படிப்பு. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒன்றுக்குக்கூடக் கட்ட முடியாத தாயிடம், இல்லத்தில் விட்டால் சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் என்று ஒருவர் வந்து சொன்னால் அவள் என்ன செய்வாள்? அவளைக் குறை சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளையை வீட்டிலிருந்தே பள்ளிக்கு அனுப்பக் காசு கொடுக்க யாரும் வரவில்லை. வீட்டைவிட்டு வந்தால் கொடுக்க ஆள் இருக்கிறது. கட்டில்கள் நிரம்பியிருந்தால்தான் இல்லத்துக்குப் பணம் வரும். ஆகவே கட்டில்கள் நிரம்புகின்றன. இதற்குக் கெட்ட மனிதர் ஒருவர்கூடத் தேவையில்லை.

கெட்டது நடக்கவும் செய்கிறது. 2020 பிப்ரவரியில், ஹைட்டியின் தலைநகர் போர்ட்டோ பிரின்ஸுக்கு மேலே மலைச்சரிவில், பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவ அமைப்பு நடத்திய இல்லம் இரவில் தீப்பற்றி 15 குழந்தைகள் இறந்தார்கள். அந்த இல்லத்துக்கு அரசு அங்கீகாரம் இல்லை. ஜெனரேட்டர் பழுதானதால் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்ததாக அங்கே வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். இல்லம் வீட்டுக்கு ஈடாகாது என்பதற்கு ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000-இல் தொடங்கிய ஆய்வு போதும். 136 சிறு குழந்தைகளைச் சீட்டுக்குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள். அவர்களின் அறிவு வளர்ச்சி, இல்லத்திலேயே இருந்தவர்களைத் தாண்டிப் போனது. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்களே அதிகம் தேறினார்கள்.

ஹைட்டியை அறிந்தவர்கள் ஒரு மறுப்புச் சொல்வார்கள். அரசு இல்லாத நாட்டில், ஆயுதக் கும்பல் ஆளும் தெருவில், உண்மையிலேயே யாருமற்ற பிள்ளைக்கு இல்லத்தைத் தவிர வேறு எது என்பார்கள். நியாயமான கேள்வி. 2021 அக்டோபரில் ஓர் அனாதை இல்லத்துக்குப் போய்த் திரும்பிய 17 மிஷன் ஊழியர்களும் குடும்பத்தாரும் கடத்தப்பட்டார்கள். அந்தத் துணிச்சலை நான் சிறுமைப்படுத்தமாட்டேன். ஆனால் யாருமற்ற பிள்ளைக்காகக் கட்டிய இல்லத்தில் ஐந்துக்கு நான்கு பேர் பெற்றோர் உள்ள பிள்ளைகள் என்றால், அந்த மறுப்பு ஐந்தாவது பிள்ளைக்கு மட்டுமே பொருந்தும்.

காணிக்கை என்ன செய்தது என்ற அதே கேள்வியைக் குறுகிய கால மிஷன் பயணங்களைப் பற்றியும் கேட்கலாம்; ஒரு கணக்கு மட்டும். 1998-இல் மிட்ச் புயல் அடித்த ஹோண்டுராஸில் வட அமெரிக்கக் குழுக்கள் வீடு கட்டப் போயின. விமானக் கட்டணம் சேர்த்து ஒரு வீட்டுக்குச் சுமார் 30,000 டாலர் ஆனது. அங்குள்ள கிறிஸ்தவ அமைப்பு அதே மாதிரி வீட்டை 2,000 டாலருக்குக் கட்டியது. கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் இரண்டு வகை வீட்டாரையும் கேட்டுப் பார்த்தார். யார் கட்டியது என்பதால் அவர்கள் வாழ்வில் வித்தியாசம் எதுவும் இல்லை.

இதோடு நிறுத்தினால் தீர்ப்பு சுலபம். ஆனால் எதிர்ப்பக்கச் சாட்சியும் வலுவானது. கம்பாஷன் இன்டர்நேஷனல் 1952-இல் கொரியப் போர்க்கால அனாதைகளுக்காகத் தொடங்கப்பட்ட சுவிசேஷ அமைப்பு. பிள்ளை வீட்டிலேயே இருக்கும். ஸ்பான்சர் மாதாமாதம் அனுப்பும் தொகை பள்ளிச் செலவு, மருத்துவம், வாரத்தில் சில மணி நேரம் சபைக் கூடத்தில் நடக்கும் வகுப்பு என்று செலவாகும். புரூஸ் வைடிக் என்ற பொருளியலாளரும் வேறு இரண்டு பொருளியலாளர்களும் இந்தியா உட்பட ஆறு நாடுகளில் 10,144 பேரை விசாரித்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். திட்டம் ஊருக்கு வந்தபோது 12 வயதைத் தாண்டிவிட்டதால் சேர முடியாமல் போன அண்ணன் அக்காக்களோடு ஒப்பிட்டதுதான் அவர்கள் முறையின் நேர்த்தி. ஒரே வீடு, ஒரே பெற்றோர். சேர்ந்த பிள்ளைகள் 1.03 முதல் 1.46 ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். வளர்ந்தபின் சம்பள வேலையில் இருக்கும் வாய்ப்பும் கூடியிருந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தோனேசியாவில் வைடிக்கும் சக ஆய்வாளர்களும் செய்த இன்னோர் ஆய்வு. குழந்தைகளிடம் வண்ணப் பென்சில்களைக் கொடுத்து, உன்னை நீயே வரை என்றார்கள். திட்டத்தில் இருந்த பிள்ளைகளின் படங்களில் மகிழ்ச்சியும் தன்னம்பிக்கையும் கூடுதலாகத் தெரிந்தன. சபைக் கூடத்தின் சிமெண்ட் தரையில் குப்புறப் படுத்து ஸ்பான்சருக்குக் கடிதம் எழுதும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். “உங்களுக்காக ஜெபிக்கிறேன்” என்று எழுதிவிட்டு, ஓரத்தில் தன் வீட்டு ஆட்டுக்குட்டியை வரைந்திருந்தாள் ஒரு சிறுமி. அந்த ஆடு நின்ற வீட்டுக்கே அவள் மாலையில் திரும்பிப் போனாள்.

இத்தகைய உதவி மதமாற்றத்துக்கான தூண்டில் என்ற குற்றச்சாட்டையும் நிறுத்துப் பார்த்தே ஆகவேண்டும். பிலிப்பைன்ஸில் பரம ஏழைகளுக்கு இன்டர்நேஷனல் கேர் மினிஸ்ட்ரீஸ் நடத்தும் சுவிசேஷ வகுப்புகளைப் பற்றி 320 ஊர்களில் குலுக்கல் முறையில் ஆய்வு நடந்தது. ஆறு மாதம் கழித்து வருமானம் 9.2 விழுக்காடு கூடியிருந்தது. ஆனால் சாப்பாட்டு நிலையிலோ வாழ்க்கைத் திருப்தியிலோ மாற்றமில்லை. முப்பது மாதத்தில் பக்தித் தீவிரத்தின் வித்தியாசம் மறைந்துவிட்டது. தங்களைப் புராட்டஸ்டன்ட் என்று சொல்லிக்கொண்டவர்கள் மட்டும் கூடியிருந்தார்கள். பிரசங்கம் வறுமையை ஒழிக்கும் என்பவர்களுக்கும், அது வெறும் ஏமாற்று என்பவர்களுக்கும் இந்த ஆய்வு இடம் தரவில்லை. என் தீர்ப்பு இது: விசுவாசி தன் விசுவாசத்தை மறைத்துக்கொண்டு உதவ வேண்டியதில்லை. ஆனால் பள்ளிக் கட்டணத்துக்கு ஜெபக்கூட்ட வருகையைக் கூலியாகக் கேட்டால் அது உதவி அல்ல, வியாபாரம்.

மதமாற்றச் சந்தேகத்தின் பேரில்தான் இந்திய அரசு கம்பாஷனின் பணவரவை முடக்கியது. 2017 மார்ச்சில் அந்த அமைப்பு வெளியேறியபோது சுமார் 1,45,000 பிள்ளைகளுக்கு உதவி நின்றது. சென்னையிலிருந்து இயங்கிய அதன் கூட்டாளி அமைப்பான கருணா பால் விகாஸின் மையங்களும் அதில் அடக்கம். குற்றச்சாட்டை அமைப்பு மறுத்தது. விதிமீறல் இருந்தால் தண்டிக்கலாம். அந்தப் பிள்ளைகளின் படிப்புக்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் நிறுத்தியதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் மிஷன் தரப்புக்கும் இதில் பாடம் உண்டு. ராணிப்பேட்டையில் பிறந்த மருத்துவர் ஐடா ஸ்கடர் அமெரிக்கப் பணத்தில்தான் வேலூரில் மருத்துவமனையைத் தொடங்கினார். 1909-இல் செவிலியர் பள்ளி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று இங்குள்ளவர்களைப் பயிற்றுவித்ததால், அந்த மருத்துவமனை இன்று பெரும்பாலும் வெளிநாட்டு ஸ்பான்சரை நம்பி நிற்கவில்லை.

ஆக, பிள்ளையைக் குடும்பத்திலேயே வைத்துப் படிக்கவைக்கும் மிஷன் பணம் பலன் தருகிறது; இது நிரூபணமானது. பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரித்தெடுக்கும் மிஷன் பணம், எவ்வளவு கண்ணீரோடு கொடுக்கப்பட்டாலும், கேடு செய்கிறது. அப்படிப்பட்ட இல்லங்களுக்குப் போகும் காணிக்கையை, பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்பும் செலவுக்கு மாற்றவேண்டும்.

நம் சபைகளும் இன்று வட மாநிலங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் பணம் அனுப்புகின்றன. அடுத்த ஞாயிறு ஓர் இல்லத்தின் படத்தைக் காட்டிக் கவர் நீட்டினால், நீட்டுபவரிடம் மரியாதையாகவே கேளுங்கள்: இந்தப் பிள்ளையின் அம்மா எங்கே இருக்கிறார்? பதில் தெரியும்வரை கவரை மூடாதீர்கள்.