ஏற்றத்துக்கு இன்ஜின், இறக்கத்துக்கு பிரேக்: டர்போ மாட்டிய பழைய 207

ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் மாமா இரண்டாவது கியரைப் போட்டார். பின்னால் 25 கிலோ அரிசிச் சிப்பம் 40, அதாவது ஒரு டன். போன வருஷம் வரை இதே வண்டி, இதே பாரத்தோடு, முதல் கொண்டை ஊசி வளைவு வருமுன்னே முதல் கியருக்கு இறங்கிவிடும். பின்னால் வால்பாறை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வரும். இந்தத் தடவை வளைவுக்குள் புகுந்து, திரும்பி, நிமிர்ந்ததும் மூன்றாவது கியர் விழுந்தது. "மூச்சே வாங்கலீங்க பாருங்க மாப்ளே" என்றார்.

வண்டி 2004 மாடல் டாடா 207 டி.ஐ. ஆனைமலைப் பக்கத்துத் தோட்டத்தில் தேங்காய், தக்காளி, உரமூட்டை என்று 20 வருஷம் உழைத்த வண்டி. சேஸிஸ் இரும்பு போல் இருந்தது, இன்ஜின்தான் தேய்ந்துவிட்டது. ஆயில் குடித்தது, பிரீதரில் புகை தள்ளியது. போர் அடித்து பிஸ்டன், ரிங் மாற்றுவதா, வேறு இன்ஜின் வைப்பதா என்று ஒரு மாதம் யோசித்தார் மாமா. கடைசியில், விபத்தில் சிக்கிய ஒரு டர்போ 407-இன் இன்ஜினைப் பில்லோடு வாங்கினார்.

இன்ஜின்: பெயரிலேயே அளவு இருக்கிறது

டாடா இந்த இன்ஜின்களுக்கு வைத்த எண்ணிலேயே விவரம் அடங்கியிருக்கிறது. 497 என்றால் 4 சிலிண்டர், 97 மி.மீ. போர். ஸ்ட்ரோக் 100 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 2956 சி.சி. வரும். 1988-இல் வந்த டாடாமொபைல் 206-இல் இருந்தது 483: 83 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 1948 சி.சி. அந்தப் பிக்கப்பின் வழியில் வந்த 207 டி.ஐ.-க்கு, 1986 முதல் ஓடும் 407-இன் பெரிய இன்ஜினையே கம்பெனி கொடுத்தது. ஆக, 407 இன்ஜின் இந்த வண்டிக்கு அந்நியமில்லை. மாமா வைத்தது அதே 497-இன் டர்போ, இன்டர்கூலர் வடிவம். சி.சி. மாறவில்லை, மூச்சு விடும் முறைதான் மாறியது.

சைலன்சருக்குப் போகும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் கூடுதல் டீசலும் முழுதாக எரியும். அந்தத் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது இன்ஜின் ஆயிலின் மெல்லிய படலம் மட்டுமே. மலை ஏறிய சூட்டோடு சாவியைத் திருகி நிறுத்தினால் அந்த ஆயில் அங்கேயே கருகிக் கட்டியாகும். ஓரிரு நிமிஷம் ஐடிலில் விட்டு நிறுத்துவதை டர்போ வண்டிக்காரர்கள் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பட்டறையில்

வேலை நடந்தது சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பட்டறையில். செயின் பிளாக்கில் இன்ஜின் தொங்குவதைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது போலத் தோன்றும். உண்மையில் அப்போதுதான் வேலை தொடங்குகிறது. இன்டர்கூலருக்கு ரேடியேட்டர் முன்னால் இடம் வேண்டும். டர்போவிலிருந்து இறங்கும் புகைக்குழாயைப் புதிதாக வளைக்க வேண்டும். ரேடியேட்டர், ஏர் பில்டர், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் எல்லாம் கூடிய இழுவைக்கு ஈடுகொடுக்க வேண்டும். டீசல் பம்ப்பை பம்ப் கடையில் காலிபரேஷன் செய்தே மாட்ட வேண்டும். பழைய இன்ஜினின் சம்ப், மவுண்டிங் பிராக்கெட், பிளைவீல் எதையும் அவசரப்பட்டுப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். மாமாவின் வண்டியில் 407-இன் சம்ப் குறுக்குச் சட்டத்தில் இடித்தது. பழைய சம்ப்தான் காப்பாற்றியது.

கோயம்புத்தூரில் இந்த வேலைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பம்ப்செட்டும் பவுண்டரியும் வளர்த்த ஊர் என்பதால், பிளேஞ்ச் ஒன்று கால் அங்குலம் விலகினால் அடுத்த தெருவிலேயே லேத் இருக்கும். மாருதி 800-இன் 796 சி.சி. இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரை எஸ். கரிவரதன் உருவாக்கியதும் இந்த ஊரில்தான். செட்டிப்பாளையம் ரேஸ் டிராக் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. ஓர் இன்ஜினை இன்னோர் உடலுக்குள் உட்கார வைக்கும் கைப்பழக்கம் இங்கே தலைமுறைகளாக வருகிறது.

"அப்படியானால் பி.எஸ். 6 இன்ஜினையே வைத்துவிடலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான அந்த டீசல் இன்ஜின்கள் தனியாக ஓடுபவை அல்ல. இ.சி.யூ., சென்சார்கள், புகை வடிகட்டி, வயரிங் எல்லாம் ஒன்றோடொன்று பேசினால்தான் ஓடும். வயரைத் தொடாமல் ஸ்பேனரால் முடிகிற மாற்றம், மெக்கானிக்கல் பம்ப் உள்ள இன்ஜின்களோடு முடிந்துவிட்டது.

ஏற்றம்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில் நிறுத்திப் பார்த்தோம். டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டவில்லை, கறும்புகை இல்லை. வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே மூன்றாவது கியரிலேயே ஏறியது.

குறை இரண்டு. வளைவில் எதிர்வண்டிக்காக வேகம் செத்துவிட்டால், டர்போ விழித்துக்கொள்ள ஒரு கணம் ஆகிறது. ஆர்.பி.எம். விழுமுன் கியரைக் குறைக்காவிட்டால் வண்டி திணறும். பழைய இன்ஜின் மெதுவாகவே ஏறினாலும் அடிச்சுற்றிலிருந்து ஒரே சீராக இழுக்கும். இன்னொன்று, புகைக்குழாயின் சூடு டிரைவர் காலடிக்கு வருகிறது. தடுப்புத் தகடு கட்டாயம் வேண்டும்.

இறக்கம்

வால்பாறையில் அரிசியை இறக்கிவிட்டு, திரும்புமுன் ஒரு சோதனை செய்தேன். இன்ஜினை நிறுத்திவிட்டு பிரேக்கை நாலைந்து தடவை மிதித்தேன். பெடல் கல்லானது. அதை அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்தேன். வேக்குவம் வந்ததும் பெடல் சற்றே உள்ளே போக வேண்டும். போகவில்லை.

டீசல் இன்ஜினில் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் தானாகக் கிடைக்காது. டைனமோவின் பின்னால் இருக்கும் சின்ன பம்ப்தான் உண்டாக்கும். பானெட்டைத் திறந்தால், அந்த பம்ப்பிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ஹோஸ் கையோடு வந்தது. கிளிப்பை முறுக்காமல் விட்டிருந்தார்கள். 40 வளைவு ஏறும்போது பிரேக்கை அழுத்தி மிதிக்கத் தேவையே வரவில்லை, அதனால் தெரியவில்லை. ஸ்குரூடிரைவர் வாங்கி முறுக்கிய பிறகு பெடல் இறங்கியது. மாமா வெகுநேரம் பேசவில்லை.

இரண்டாவது கியரிலேயே இறங்கினோம். ஆழியாறில் நிறுத்தி முன்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனேன். காலி வண்டிக்கே அனல் அடித்தது. புது இன்ஜின் ஏற்றத்தை மாற்றியது. இறக்கத்துக்கு இருப்பதோ அதே 20 வருஷத்து பிரேக்.

காகிதம்

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, பதிவு அதிகாரியின் அனுமதி இல்லாமல் இன்ஜின் மாற்றக் கூடாது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எனவே இன்ஜின் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கேளுங்கள். டர்போவுக்கு அனுமதி இல்லை என்றால் அதே ரக இன்ஜினோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புது இன்ஜின் நம்பர் ஆர்.சி.-யில் ஏற வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிய வேண்டும். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷாவருஷம் எப்.சி. உண்டு; அங்கே பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பது நம்பரைத்தான்.

முடிவு

சமவெளியில், சந்தைக்கும் தோட்டத்துக்கும் ஓடும் வண்டி என்றால் போர் அடித்து ரிங் மாற்றினால் போதும். வாரம் இரண்டு தடவை பாரத்தோடு மலை ஏறும் வண்டிக்கு, சேஸிஸ் திடமாகவும் அனுமதி கையிலும் இருந்தால், இந்த மாற்றம் தகும். ஆனால் செலவுக் கணக்கை பிரேக்கிலிருந்து எழுதத் தொடங்குங்கள்: பேட், லைனிங், ஹோஸ், வேக்குவம் பம்ப், அதற்குப் பிறகே இன்ஜின்.

மாமா அடுத்த லோடு ஏற்றவில்லை. மறுநாள் காலை நான் போனபோது நான்கு சக்கரமும் கழன்று கிடந்தன. வாசல் திண்ணையில் புது லைனிங் பெட்டிகள் இருந்தன.