வினிகருக்கு எதுக்கு இந்த நல்ல பேர்?

சாலட் மேல் ராஞ்ச் டிரெஸ்ஸிங் ஊற்றுகிறவர் பாவி. வினிகர் டிரெஸ்ஸிங் கேட்பவர் புண்ணியவான். அப்படித்தானே நினைக்கிறீங்க? கணக்கைப் பார்த்துடலாம். அமெரிக்கர்களின் செல்லமான ராஞ்சில் மோரும் மயோனைஸும் உண்டு. 2 டேபிள்ஸ்பூனுக்குச் சுமார் 130 கலோரி. பிரெஞ்சு வினிகிரெட்டில் 1 பங்கு வினிகருக்கு 3 பங்கு எண்ணெய். அதாவது, அதே 2 ஸ்பூனில் ஒன்றரை ஸ்பூன் வெறும் எண்ணெய்... 180 கலோரி! ஆலிவ் எண்ணெய் இதயத்துக்கு நல்லது, வாஸ்தவம். இடுப்புக்கு அந்த விஷயம் தெரியாதே!

கடை பாட்டிலில் கலோரி குறையும், தண்ணீர் கலப்பதால். ஆனால், உப்பைப் பாருங்க, ராஞ்சுக்குச் சளைத்ததில்லை. சரி, 'ஃபேட் ஃப்ரீ'க்குத் தாவலாமா? 2004-ல் வெளியான அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில், கொழுப்பில்லாத டிரெஸ்ஸிங்கோடு சாப்பிட்டவர்கள் ரத்தத்தில் கேரட்டின் கரோட்டின் கிட்டத்தட்ட ஏறவே இல்லை. எண்ணெய் சேர்த்தவர்களுக்கு ஏறியது. கேரட் வாங்கின காசு?