கொல்லன் பட்டறை வேலும் கணினித் திரை வாளும்

படைக்கலங்களைப் பற்றிய திறனாய்வு என ஒன்று தமிழில் உண்டெனில், அதற்கு முன்னோடி புறநானூற்றின் 95ஆம் பாடலேயாகும். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாகச் சென்ற ஔவையார்க்குத் தொண்டைமான் தன் படைக்கலங்களைக் காட்டினான். பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மனையில் அவை விளங்கின. அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தியதனால் பக்கம் முறிந்து, நுனி சிதைந்து, கொல்லனின் சிறு பட்டறையிற் கிடக்கின்றன என்றார் ஔவையார். முன்னவற்றுக்கு அண்மைச் சுட்டு. பின்னவற்றுக்குச் சேய்மைச் சுட்டு. கண்முன் மின்னுவது போரறியாதது. போரறிந்தது கண்ணுக்கு எட்டாதது. பாடலின் ஆற்றல் இச்சுட்டுகளில் உள்ளது. 'வஞ்சப்புகழ்ச்சி' என்று பெயரிட்டு, மதிப்பெண்ணும் குறித்து, அடுத்த பாடலுக்கு விரையும் வகுப்பறையில் இது புலப்படுவதில்லை.

தானா ராத்தாவில் இப்பாடலைக் கற்கும் மாணாக்கன் வாளையும் வேலையும் பெரும்பாலும் கணினி விளையாட்டிலேயே கண்டிருப்பான். 1999இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்தில், 2022ஆம் ஆண்டு திராவிடரும் ஓர் இனமாகச் சேர்க்கப்பட்டனர். இராசேந்திர சோழனின் போர்களும் அதில் இடம்பெற்றன. கடாரத்து மண்ணில் வாழும் பிள்ளைகள் அப்பெயரை விளையாட்டின் வழியாகவேனும் அறிவது நன்றே. அவ்வினத்தின் சிறப்புப் படைவீரன் 'உறுமி' ஏந்தியவன். உறுமி என்றாலே தைப்பூச மேளத்தை நினைக்கும் மலேசியச் சிறுவனுக்கு இது வியப்பளிக்கும். இங்குக் குறிக்கப்படுவது களரியிலும் சிலம்பத்திலும் பயிலப்படும் சுருள்வாள். நெகிழும் அத்தகட்டைச் சுழற்றுவோன் சிறிது பிழைத்தாலும் அது அவனையே வெட்டும். அருகில் நிற்கும் தோழனையும் விடாது. ஆகையால் நெடும் பயிற்சிக்குப் பின்னரே ஆசான் அதனைக் கையில் தருவார். திரையில் அச்சம் ஏதுமில்லை. உறுமியின் வீச்சு சூழ நிற்கும் பகைவரை மட்டும் தேர்ந்து தாக்குகிறது!

இதனினும் பெரிய வேறுபாடு பட்டறையில் உள்ளது. அவ்விளையாட்டிலும் கொல்லன் பட்டறை உண்டு. உணவும் பொன்னும் செலுத்தினால் வாளின் வலிமை அங்கு உயரும். ஆயின் முறிந்த வாள் ஒன்றும் அங்கு வருவதில்லை. வீரன் மடிவானேயன்றி அவன் வாள் மழுங்காது. தொண்டைமானின் கொட்டிலே திரைக்குள் புகுந்துள்ளது எனலாம். உணவை வாளுக்கு விலையாக்கும் இவ்வமைப்பை, உள்ளபோது பிறர்க்கு ஊட்டியும் இல்லாதபோது இருப்பதைப் பகிர்ந்து உண்டும் வாழ்ந்தவனாக அதியமானைக் காட்டும் அப்பாடலின் இறுதிப் பகுதியோடு ஒப்பிடுக. வேலைப் பற்றிய பாடலில் ஔவையார் சோற்றையும் கொண்டுவந்த காரணம் அப்போது விளங்கும்.

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த முதியோர் உள்ள வீடுகளில் தேய்ந்த கத்திக்குப் பஞ்சமில்லை. தீட்டித் தீட்டி அகலம் குறைந்த கவ்வாத்துக் கத்தியையும், கொழுந்து வெட்டி மழுங்கிய கத்தரியையும் பேரப்பிள்ளைகள் கண்டிருப்பர். கடையில் மின்னும் புதுக்கத்தியையும் அவர்கள் அறிவர். இவ்விரண்டில் எது வேலை செய்தது என்னும் வினாவோடு பாடத்தைத் தொடங்கும் ஆசிரியர், அணியின் பெயரைக் கடைசியில் சொன்னால் போதும்.